கயிறு பிடித்து உழுத அரை ஏக்கர்

— யார் யார் நின்னாங்க? ஒருத்தர் விடாம சொல்லு.

— விதைக்கடைக்காரர். பால் வண்டிக்காரர், அவர் வீட்டம்மா. மேட்டு நிலத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர். மண் பரிசோதனை பண்ற அம்மா, தோள்ல பையோட. அப்புறம் நான். மொத்தம் ஏழு பேர் மாமா.

— உன் வீட்டுக்காரன்?

— உங்க மகன் ஆலையில பகல் ஷிஃப்ட். அவருக்கு இன்னும் விஷயம் போகல.

— எத்தனை மணிக்கு?

— ஏழரை இருக்கும். அக்கா வீட்லேருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினவ, பையைக்கூட வீட்ல வைக்காம நேரா நிலத்துக்குத்தான் போனேன். உழாம விதைக்கற மெஷினை வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து என் நிலத்தைப் பார்க்கறதா போன வாரமே பேசி வெச்சதாச்சே. எனக்கு முன்னாடியே வந்து வேலியோரம் நிக்கறாங்க. வீட்ல திருடு போனவங்களைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்க்கறாங்க.

— வர்ணனை வேண்டாம். நேரா சொல்லு. எதைப் பார்த்தாங்க?

— உழுது போட்ட அரை ஏக்கரைப் பார்த்தாங்க. மூணு வருஷமா கலப்பை படாத இடம். இடுப்பளவுக்குச் சணப்பும் தட்டைப்பயறும் நின்ன இடம். எல்லாம் தலைகீழா மண்ணுக்குள்ள கெடக்கு.

— ம்.

— ‘ம்’ன்னா என்ன மாமா?

— கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். யார் உழுததுன்னு கேட்டாங்களா?

— கேக்காம விடுவாங்களா? பால் வண்டிக்காரர்தான் முதல்ல வாயைத் திறந்தார். ‘யாரும்மா இந்த வேலையைப் பண்ணினது’ன்னார்.

— நீ என்ன சொன்ன?

— நான்தான் உழச் சொன்னேன்னு சொன்னேன்.

— நீயா? ஏன் அப்படிச் சொன்ன?

— வேற யாரைச் சொல்லட்டும்?

— டிராக்டர்காரன் இடம் தெரியாம உழுதுட்டான்னு சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவரை எவன் நிலத்துக்குள்ள விடுவான்? ரெண்டு பொண்ணு படிக்குது அந்த மனுஷனுக்கு. அதுவும் போக, இடம் தெரியாம உழுதவர் முளையடிச்சுக் கயிறு கட்டியா உழுவார்?

— கயிறா?

— நாலு மூலையிலயும் முளைக்குச்சி பிடுங்கின குழி இருக்கு மாமா. ஒவ்வொரு சாலும் ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி போகுது. டிராக்டர் உழவுக்கே கயிறு பிடிக்கிற ஆள் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தர்தான். அவர் இப்போ என் எதிர்ல நாற்காலில முதுகை நிமிர்த்தி உக்காந்துக்கிட்டு, யார் யார் நின்னாங்கன்னு விசாரணை நடத்தறார்.

— எப்போ தெரியும் உனக்கு?

— வேலிகிட்ட காலை வெச்சப்பவே.

— சரி. நான்தான். மறைக்கணும்னு நினைக்கல. சொல்றதுக்கு நேரம் வரல.

— நான் ஊர்ல இல்லாத ரெண்டு நாள்ல உழறதுக்கு மட்டும் நேரம் வந்துடுச்சு.

— குத்தாதே. கூட்டுறவுக் கடையில உரத்துக்கு வரிசையில நிக்கறேன். பின்னாடி ஒருத்தன் கேக்கறான், ‘ஐயா வீட்ல கலப்பையை வித்துட்டீங்களா, இல்ல புள்ளைக்கு உடம்புக்கு முடியலையா’ன்னு. பத்து பேர் சிரிக்கறான். எங்கப்பா காலத்துலேருந்து நம்ம நிலத்துல ஒரு களை தலை தூக்கினதில்ல. ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்திட்டு நம்ம உழவுசாலைப் பார்ப்பான். அந்த நிலம் இப்படிப் புதர் மண்டிக் கெடந்தா வீட்டுக்கு அழகா?

— புதர் இல்ல மாமா. நான் காசு கொடுத்து வாங்கி, கலந்து, அளந்து விதைச்சது. பூ விடற சமயத்துல உருளையை விட்டுச் சாய்ச்சிருப்பேன். பாய் மாதிரி படுத்துக்கும். அந்தப் பாயைக் கீறி மக்காச்சோளம் போட்டிருப்பேன். இன்னும் பத்தே நாள்தான்.

— பாய் விரிச்சுப் படுக்க வைக்க நிலம் என்ன விருந்தாளியா?

— வெயில்ல துண்டு இல்லாம நீங்க வாசப்படி தாண்ட மாட்டீங்க. மண்ணு மட்டும் வெறும் தலையோட காயணுமா?

— வாய் மட்டும் குறைச்சலில்ல. உழாத நிலம் இறுகிப்போகும். இதை எனக்கு நீ சொல்லித் தரணுமா?

— முதல் வருஷம் இறுகிச்சு, ஒத்துக்கறேன். விளைச்சலும் குறைஞ்சுது. நீங்க ஒரு வாரம் என்கூட முகம் கொடுத்துப் பேசல. ரெண்டாம் வருஷம் வேர் உள்ள இறங்குச்சு. இப்போ கம்பியைக் குத்தினா முழங்கை ஆழம் போகுது. போன மழைக்கு உங்க மேற்கு ரெண்டு ஏக்கர்லேருந்து ரோடு வரைக்கும் கலங்கல் ஓடுச்சு. என் கிழக்கு ரெண்டு ஏக்கர்லேருந்து ஒரு சொட்டு வெளியில வரல. பார்த்தீங்களா இல்லையா?

— பார்த்தேன்.

— பார்த்ததை யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— யாரும் கேக்கல. நான் சொல்லல. இந்த ரெண்டு கிளாஸ் தண்ணி எதுக்கு? எனக்குத் தாகம் இல்ல.

— குடிக்கறதுக்கு இல்ல. இந்தக் கட்டி உங்க நிலத்துது. இது என்னோடது, கலப்பை படாத பக்கத்துலேருந்து எடுத்தது. ரெண்டும் நல்லா காய்ஞ்சதுதான். கிளாஸுக்கு ஒண்ணா போடுங்க. நீங்களே போடுங்க, அப்புறம் நான் ஏதோ கைவரிசை காட்டிட்டேன்னு சொல்வீங்க.

— போட்டாச்சு. இதுல என்ன இருக்கு?

— பாருங்க.

— என்னது கரைஞ்சு கலங்குது.

— ம்.

— உன்னது அப்படியே கெடக்கு.

— ம்.

— என்ன ‘ம்’?

— கேட்டுக்கிட்டிருக்கேன் மாமா.

— கிண்டலா?

— கொஞ்சம். அந்தக் கட்டியைக் கட்டினது நானில்ல. வேரும் புழுவும் கண்ணுக்கே தெரியாத என்னென்னவோவும் மூணு வருஷம் உள்ள உக்காந்து ஒட்டினது. அரை ஏக்கர்ல அது ஒரு மணி நேரத்துல போச்சு. கிழக்கு உனக்கு, மேற்கு எனக்கு, ஒருத்தர் நிலத்துல ஒருத்தர் கை வைக்கறதில்லன்னு இதே கூடத்துல உக்காந்துதான் பேசினோம்.

— பேச்சு மாறினது என் தப்புதான். அதுக்கு நான் என்ன பண்ணணும்? மன்னிப்பு கேக்கணுமா?

— கேட்டா மண்ணு ஒட்டிக்குமா? விடுங்க. அந்த அரை ஏக்கரை மறுபடியும் முதல் வருஷத்துலேருந்து ஆரம்பிக்கறேன்.

— நான் ஒண்ணு சொல்றேன். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மாமனார் ஒரு பக்கம் இழுக்கறார், மருமக ஒரு பக்கம் இழுக்கறான்னு ஊர் பேசறதுக்கு இது எவ்வளவோ மேல்.

— நானும் அதை நினைச்சுத்தான் சொன்னேன். நம்ம வீட்டுச் சண்டையை வேலியோரத்துல கடை விரிக்க வேண்டாம்னு. கேட் சத்தம் கேக்குது. விதைக்கடைக்காரர் வர்றார். துண்டைப் போட்டுக்கங்க.

— ஐயா இருக்கீங்களா? தங்கச்சி, நீயும் இருக்கியா? நல்லதாப் போச்சு. இந்த நோட்டைக் கொஞ்சம் பாரு.

— உக்காருங்க அண்ணே. என்ன நோட்டு?

— உழாம விதைக்கற மெஷினுக்குப் பேர் கொடுத்த நோட்டு. ஆறு பேர் சேர்ந்தாத்தான் வாடகைக்கு இந்தப் பக்கம் அனுப்புவேன்னு சொல்லியிருக்காங்கல்ல? இன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். காலையில ஆறு பேர் இருந்தாங்க. இப்போ உன் பேர் ஒண்ணுதான் நிக்குது.

— அஞ்சு பேருமா பேரை அடிச்சிட்டாங்க?

— காலையில நிலத்துக்கு வந்தவங்கள்ல மூணு பேர் நீ கிளம்பினதும் அங்கேயே அடிச்சிட்டாங்க. மீதி ரெண்டு பேர் கேள்விப்பட்டே அடிச்சிட்டாங்க. நான் சொல்லலம்மா, ஊர் சொல்லுது. ‘மூணு வருஷம் பார்த்துட்டு அவளே தாங்காம கலப்பையை விட்டுட்டா, நாம எதுக்குப் போய் மாட்டிக்கணும்’னு. மேட்டு நிலத்துத் தம்பிக்காரன் அழாத குறை. ரெண்டு மழையில அவன் நிலத்துல ஒரு சாண் மண்ணு அடிச்சிட்டுப் போயிடுச்சு. உன்னை நம்பித்தான் அண்ணன்கிட்ட சண்டை போட்டுப் பேர் கொடுத்தான்.

— அவன்கிட்ட நான் பேசிக்கறேன் அண்ணே.

— என்ன பேசுவ? நீதானே உழச் சொன்ன?

— ஆமா. நான்தான்.

— அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு? ஐயா, இன்னைக்கு உங்க பேருதான் போங்க. கடை முழுக்க உங்க பேச்சு. ‘பெரியவர் அப்பவே சொன்னார், மருமக இப்போதான் வழிக்கு வந்தா’ன்னு. உரம் வாங்கின அன்னைக்கு உங்களைப் பார்த்துச் சிரிச்சான் பாருங்க, அவனே எழுந்து நின்னு சொல்றான்.

— கலப்பையை வித்துட்டீங்களான்னு கேட்டவனா?

— அவனேதான். ‘என்ன இருந்தாலும் அந்த வீட்டு உழவுசால் மாதிரி வருமா’ங்கறான்.

— அண்ணே, என் பேரையும் அடிச்சிடுங்க. ஒத்தை ஆளுக்காக மெஷின் வரப்போறதில்ல. நான் விதை ஊனற கைக்கருவியை வெச்சு ஓட்டிக்கறேன்.

— மனசு கஷ்டமாத்தான் இருக்கு தங்கச்சி. பேனாவை எங்க வெச்சேன்? ஆங், இருக்கு.

— பேனாவை உள்ள வைங்க.

— ஐயா?

— மாமா, வேண்டாம். பேசினது பேசினபடி இருக்கட்டும்னு இப்போதானே சொன்னீங்க.

— நீ பேசாம இரு. காலையிலேருந்து எனக்காக நீ பேசினது போதும். விதைக்கடைக்காரரே, நேரா கேட்டுக்கங்க. என் மருமக யாரையும் உழச் சொல்லல. அவ ஊர்லயே இல்ல. அவளைக் கேக்காம, அவ நிலத்துல, நான்தான் டிராக்டரை விட்டேன்.

— ஐயா, இதெல்லாம் வீட்டு விஷயம். என் காதுல விழாததாவே நான் வெச்சுக்கறேன்.

— வீட்டு விஷயம்னா உங்க நோட்டுல அஞ்சு பேர் அடிபட்டிருக்க மாட்டாங்க. எங்கப்பா சம்பாதிச்ச பேர் எனக்குப் போதும். நான் பண்ணின தப்புக்கு இவளை நிக்க வெச்சுட்டு வர்ற பேர் வேண்டாம்.

— கடையில தெரிஞ்சா சிரிப்பாங்க ஐயா. நான் எந்த வாயால சொல்லுவேன்?

— நீங்க சொல்ல வேண்டாம். சாயங்காலம் நானே வந்து சொல்றேன். அந்த அஞ்சு பேரும் இருக்கணும், சிரிச்சவனும் இருக்கணும். இவ நிலத்துக் கட்டியையும் என் நிலத்துக் கட்டியையும் கொண்டு வர்றேன், கடையில ரெண்டு கிளாஸ் தண்ணி வைங்க. ஏம்மா, என் வெள்ளைச் சட்டை எங்க?

— கொடியில கெடக்கு. இஸ்திரி போடல மாமா. இன்னைக்குப் போடவும் மாட்டேன்.

— கசங்கினதே போதும்.

— ஐயா, இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் இன்னொண்ணையும் கேட்டுடறேன். டிராக்டர் டீசல் தீர்ந்து போய்த்தான் அரை ஏக்கரோட நின்னுச்சாம். இல்லன்னா ரெண்டு ஏக்கரும் போயிருக்கும்னு பேசிக்கறாங்களே?

— தீரல. நாற்பது வருஷம் அந்த நிலத்தை உழுதிருக்கேன், என் கலப்பைக்குப் பின்னாடி ஒரு கொக்கு இறங்கினதில்ல. பொறுக்கித் தின்ன அதுல ஒண்ணும் இருந்ததில்ல. நேத்து அரை ஏக்கர் முடியறதுக்குள்ள கொக்கு இறங்கி நிலம் வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு, சால் முழுக்க மண்புழு. நான்தான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னாடி நின்னேன். டேங்க்ல டீசல் நிறையவே இருந்துச்சு.