செவப்பு இல்லாத போர்வை

பெட்டியத் தொறந்து பாத்தாச்சுல்ல மதினி? காலியாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். எவ்வளவு தொழாவுனாலும் வசம்பு வாசந்தான் மிச்சம். மூடிட்டு இங்கிட்டு வந்து ஒக்காருங்க. பாத்து, பாயில ஊசி குத்தி வச்சிருக்கேன்.

சேலையெல்லாம் இந்தா, எம் மடியில கெடக்கு. ஆமா, வெட்டிட்டேன். அருவாமனையில வச்சு நானேதான் வெட்டுனேன். ஏன் நெஞ்சுல அடிச்சிக்கிறீங்க? ஒங்க தம்பி போயிக் கருமாதி முடியறதுக்குள்ளயே, இவளுக்கு இனிமே கலர்ச் சேலை எதுக்குடின்னு பக்கத்து வீட்டு அழகிகிட்ட கேட்டீங்கல்ல? அவ வாயில எது தங்கும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

தாலியறுத்தவ சேலை கல்யாணப் பொண்ணுக்கு ஆகாதுன்னு ஊரே சொல்லும். ஒங்க மகளுக்கு மட்டும் ரெண்டு தண்ணி அலசுனாத் தோசம் போயிருமாக்கும். சண்டைக் காலந்தான், முழத் துணிக்குக் கண்ட்ரோல் கடையில நின்னு நின்னு காலு வீங்குதுதான், இல்லங்கல. அதுக்கு எம் பெட்டிதான் கெடச்சுச்சா? குளத்தூர்ச் சந்தையில ஜவுளிக்கடை வச்சிருக்கிற வீட்டுக்குத் துணிப் பஞ்சமாம். கேட்டா நாயிகூடச் சிரிக்கும்.

யாருக்கா? ஒங்க ஆத்தாளுக்குத்தான் தைக்கிறேன். உள்ள சுருண்டு கெடக்கே, அதுக்கு. இந்த மார்கழிப் பனியில வெடவெடன்னு நடுங்குது. மகன் போனதுலேருந்து அது ஒடம்புல சூடே தங்க மாட்டேங்குது. ஒரு தடவ கையத் தொட்டுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீங்க வந்ததும் வராததுமா பெட்டிகிட்டல்ல போனீங்க.

அடியில ஒங்க தம்பியோட கிழிஞ்ச வேட்டி. அதுக்கு மேல இந்தத் துண்டுக. நூலுக்கு எங்க போறது? சேலைக் கரையிலேருந்து இழைய உருவி உருவித்தான் ஓட்டுறேன். வயசான மனுசிதானேன்னு மொதல்ல வெளிறுன துண்டாப் பாத்து மேல வச்சுத் தச்சேன். வீசி எறிஞ்சிருச்சு. கண்ணுல பூ விழுந்திருந்தாலும் வெயில்ல புடிச்சாக் கலரு தெரியுதே அதுக்கு. ஒங்கய்யா செத்ததுலேருந்து வெள்ளையிலயே கெடக்கேன், போத்திக்கிறதுமா வெள்ளைன்னு என்னைய வஞ்சுச்சு. பிரிச்சுட்டு மறுபடி தைக்கிறேன். தெனம் காலையில வாசல்ல ஒக்காந்து ஒவ்வொரு துண்டா வெயிலுக்கு நீட்டிப் பாத்து அதுவே எடுத்துக் குடுக்குது. மஞ்சச் சுங்கடி மூஞ்சிப் பக்கம் வேணுமாம். அத ஒட்டிப் பச்சைக் கண்டாங்கி. ஊதாவக் காலுக்குத் தள்ளிருச்சு. அது நீங்க எனக்கு எடுத்துக் குடுத்த சேலை, அதுக்குத் தெரியாது, நானும் சொல்லல. இன்னும் கால்மாட்டுல ஒரு வரிசைதான் பாக்கி.

என்னது, செவப்பக் காணமா? கூறைச்சேலையத்தான கேக்குறீங்க? வந்த காரியத்துக்கு இப்பத்தான் வந்திருக்கீங்க. எந்தம்பி வாங்குனதுன்னு உரிமை வேற. பேசுங்க, பேசுங்க.

ஒங்க தம்பி உசுரு போன அன்னைக்கு எதுத்த வீட்டுப் பய செல்லமுத்துவ ஒங்க வீட்டுக்கு ஓட விட்டேனே, நெனப்பிருக்கா? கேதத்தச் சொல்லிட்டு, மேல போத்துறதுக்கு ஒரு கோடித்துணி வாங்கிட்டு வாடான்னு அனுப்புனேன். எங்க வீட்டுல கிழியாத வேட்டின்னு ஒண்ணு இல்ல. நீங்க என்ன சொல்லி அனுப்புனீங்க? ஒரு சாண் துணி இல்லன்னு. ஒங்க பரண்ல மல்லுத்துணி கட்டுக்கட்டா அடுக்கியிருந்ததப் பாத்துட்டுத்தான் அவன் வந்தான். அப்பறம் வண்டி கெடைக்கலன்னு பொணம் எடுத்த பொறவு வந்து, வாசல்ல விழுந்து பொரண்டு அழுதீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. இப்பவும் எரியுது.

கூறை அவுகளோட எரிஞ்சு போச்சு மதினி. நாந்தான் போத்தி விட்டேன். ஆம்பளப் பொணத்துக்குப் பொம்பளச் சேலையான்னு வீரய்யா மாமா கேட்டாரு. அப்ப நீங்க ஒண்ணு குடுங்கன்னேன். அவரு தோள்ல கெடந்ததும் கந்தல் துண்டுதான், தள்ளி நின்னுக்கிட்டாரு.

மெதுவாப் பேசுங்க, ஒங்க ஆத்தா முழிச்சுக்கிரும். அன்னைக்கு அது தடவித் தடவிக் கிட்ட வந்து மகன் மேல கைய வச்சுச்சு. என்னடி செவப்பாத் தெரியுதுன்னு கேட்டுச்சு. ஒங்க மக குளத்தூர்லேருந்து குடுத்து விட்ட கோடி அத்தைன்னு சொல்லிட்டேன். பெத்தவகிட்ட அந்த நேரத்துல வேற என்னத்தச் சொல்றது? அன்னையிலேருந்து எம் மக தம்பிய வெறுங்கட்டையா அனுப்பலன்னு போறவ வர்றவகிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடக்கு. இப்ப நீங்க உள்ள போனாலும் கையப் புடிச்சுக்கிட்டு அதத்தான் பேசும். ஆமா ஆத்தான்னு சொல்லிட்டு வாங்க.