நிறுத்தியவர்: ஹஸ்ஸான்

"புருஷன் எறந்து இத்தாவுல வூட்டோட இருக்க வேண்டிய பொம்பளை இப்படி வீதியில இறங்கி வரலாமா? கடுதாசிய வூட்டுக்கே கொண்டாந்திருப்பேன்ல..."

"கொண்டாந்து கையெழுத்த வாங்கிட்டுப் போயிருப்பீங்க. முகத்தையே பாக்காம நான் எப்படி இத்தா இருக்கறது மச்சான்?"

"முகமே இல்லங்கறாங்கம்மா! தீயில..."

"யாரு பாத்தது? கட்டில் நம்பர வச்சுத்தானே பேரு சொன்னாங்க!"

"எறந்தவரு மையத்தக் காக்க வைக்கக் கூடாது. அங்கனயே அடக்கட்டும். போடு கையெழுத்த!"

கிட்ட வாருங்கள். ரயில் வர இன்னும் ஒரு மணி நேரமாம். அரியலூர் ஸ்டேஷனில் நம் தலைக்கு மேல் இந்த ஒரு விளக்குதான் ஒழுங்காக எரிகிறது. அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இது என் சிநேகிதி ஜைனம்புவின் மகள் பர்சானாவுக்கு நடந்தது. லப்பைக்குடிகாடு. வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அஸர் தொழுகை முடிந்து, வெள்ளாற்றுப் பக்கம் போகிற சாலையில் ஒரு ஆள் இல்லை... அங்கே ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். உள்ளே மூன்றே பேர். பர்சானா, அவள் புருஷனின் அண்ணன் ரஹ்மத்துல்லா, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற தமிழ்மொழி என்ற பெண்.

பர்சானாவின் புருஷன் ஹஸ்ஸான் வளைகுடாவில் இருந்தான். தங்கியிருந்த அறை தீப்பிடித்து இறந்துவிட்டான் என்று முந்தின நாள் செய்தி. அங்கேயே அடக்கவா, ஊருக்கு அனுப்பவா? மனைவி கையெழுத்துப் போட்ட கடிதம் ஃபேக்ஸில் வர வேண்டும் என்றது கம்பெனி. நம் நேரம் ஐந்தரைக்கு அந்தக் கம்பெனி ஆபீஸை மூடிவிடுவார்கள். கடிதம் வராவிட்டால் எங்கே என்றுகூடச் சொல்லாமல் அவர்களே அடக்கிவிடுவார்கள்.

அந்தக் கடையில் தனியாக ஃபேக்ஸ் மெஷின் கிடையாது. நாலு கம்ப்யூட்டர். எதிலிருந்து அனுப்பினாலும் பின்னறையில் இருக்கிற ஒரு பெட்டிக்குப் போகும். அது போன் லைனில் டயல் செய்யும். அதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவனே ஹஸ்ஸான்தான், வெளிநாடு போவதற்கு முன்பு அங்கே வேலை பார்த்தபோது. யார் அனுப்புகிற ஃபேக்ஸையும் பாதியில் நிறுத்துகிற உரிமை அவன் பெயருக்கு மட்டும் உண்டு. பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது. அவன் உட்கார்ந்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர், வயர் பிடுங்கி, துணி போர்த்தி, மூலையில் கிடந்தது.

பர்சானா கையெழுத்துப் போட்டாள். போடவைத்தார் ரஹ்மத்துல்லா. "இங்கேயே அடக்கச் சம்மதம்."

தமிழ்மொழி அனுப்பினாள். பின்னறையில் டிக்... டிக்... டிக் என்று டயல். பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. சட்டென்று அமைதி.

"என்னம்மா, போச்சா?"

"இல்ல பாய். நின்னுடுச்சு."

"லைனு கோளாறா?"

"இல்ல பாய்... யாரோ நிறுத்தியிருக்காங்க. நிறுத்தியவர்..." அவள் மேலே படிக்கவில்லை.

ரஹ்மத்துல்லா குனிந்து பார்த்தார். நிறுத்தியவர்: ஹஸ்ஸான். கம்ப்யூட்டர்: மூன்று.

"விளையாடாத புள்ள. திரும்ப அனுப்பு."

திரும்ப டிக்... டிக்... கீச்சு. அமைதி. அதே பெயர். அதே மூன்று.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த மெஷின் சூடாகும்போது தூசி காய்கிற வாசனை. தமிழ்மொழி எழுந்து போய் மூலையில் இருந்த துணியைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாய்... சுடுது."

மணி ஐந்து இருபது.

"பாத்தீங்களா மச்சான்? அங்கன அடக்கறது அவருக்கே இஷ்டமில்ல!" பர்சானா வேறு தாளை இழுத்துத் தானே எழுதினாள். ரெண்டே வரி. "என் கணவரை எங்கள் ஊர் மண்ணுக்கு அனுப்பி வையுங்கள்." ரஹ்மத்துல்லாவே அதை வாங்கித் தமிழ்மொழியிடம் நீட்டினார். ஐந்து இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே தடவையில்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் நாள் சவப்பெட்டி வந்தது. சீல் வைத்து, திறக்கக் கூடாது என்று எழுதி. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெரம்பலூர் வழியாக விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். பர்சானா பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. ஆண்கள் எடுத்துப் போய் கபுர்க் குழியில் இறக்கினார்கள். முதல் மூன்று பிடி மண்ணைப் போட்டவர் ரஹ்மத்துல்லா.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதல். பர்சானா இத்தாவில், திரைக்கு உள்ளே. ரஹ்மத்துல்லா திரைக்கு வெளியே. கடிதம் போனதற்குச் சாட்சி வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்ததால், ஃபேக்ஸ் விவரத்தை அச்சடித்துக்கொண்டு தமிழ்மொழி வந்திருந்தாள். ஒரு தாள் போதும் என்றுதான் ரஹ்மத்துல்லா சொல்லியிருந்தார். அவள் கையில் ஒரு கட்டு.

"ஏம்மா இத்தனை? ரெண்டு வரிக் கடுதாசிதானே?"

"பாய், அக்கா எழுதின கடுதாசி அஞ்சு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேந்துச்சு. அது முதல் வரி..."

"சரி, அப்புறம்?"

"அஞ்சு இருபத்தொம்போது. நிறுத்து. ஹஸ்ஸான். அதுக்கு மெஷின் பதிலு, முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டது. அஞ்சு முப்பது. நிறுத்து. ஹஸ்ஸான். முடியாது. அஞ்சு முப்பத்தொண்ணு..."

"நிறுத்து புள்ள!"

"தெனமும் இருக்கு பாய். பெட்டி வந்த அன்னிக்கு ராவு பூரா இருக்கு. கடைசி வரி இன்னிக்குக் காலைல..."

அடுப்பங்கரையில் பால் பொங்கி வழிந்து கருகுகிற வாசனை. எடுத்து வைக்க ஒருவரும் போகவில்லை.

திரைக்குள் வளையல் இல்லாத கை ஒன்று துணியைப் பிடித்தது. விலக்கவில்லை... பிடித்துக்கொண்டே இருந்தது.

"மச்சான்... கட்டில் நம்பர வச்சுத்தானே அவர்னு சொன்னாங்க. மூணு பிடி மண்ணு போட்டீங்களே. யாரு மேல போட்டீங்க?"