ஆளில்லாத அறைகளில் முதல் சேனல்

அறைக்குள் நுழைந்ததும் மனிதர்கள் முதலில் தேடுவது ரிமோட்டைத்தான், ஐயா. ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்கும். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள். ஆனால் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு கை கட்டிலைத் துழாவ ஆரம்பித்துவிடும். இத்தனை வருடம் ரிசார்ட்டில் வேலை பார்த்ததில் மனிதர்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஏறக்குறைய இவ்வளவுதான்.

நீங்கள் மொட்டைமாடியில் நடந்ததைக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் டி.வி.யைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால், அது உங்களுக்கும் விபத்தாகவே தெரியும். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். தவறான ஒன்று எழுத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

என் பெயர் ஆபிரகாம். ஊர் பிள்ளைப்பாக்கம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கிற அந்த ரிசார்ட்டில் அறைகளின் டி.வி., டி.வி.டி. பிளேயர், கேபிள் எல்லாம் என் பொறுப்பு. வார நாட்களில் கம்பெனிகளுக்கு வரும் என்ஜினியர்கள் தங்குவார்கள். சனி ஞாயிறு சென்னைக் குடும்பங்கள் வரும். ரிசார்ட்டைக் கட்டிய பெரியவர் பக்தியுள்ளவர். வரவேற்பறைக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய அறை கொடுத்து, ஒரு கேமராவும் மைக்கும் வாங்கித் தந்தார். தினமும் காலையில் பத்து நிமிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசுவேன். அன்பு, பொறுமை, இரக்கம், இப்படி ஏதாவது. காலைச் சாப்பாடு முடியும்வரை அது முதல் சேனலில் திரும்பத் திரும்ப ஓடும். எந்த அறையில் டி.வி.யைப் போட்டாலும் முதலில் வருவது என் முகம்.

அடுத்த நொடியே மாற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. கிரிக்கெட்டுக்கும் சமையல் போட்டிக்கும் பசித்துக் கிடக்கிற ஜனம் அது. ஆனாலும் எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் மாற்றாமல் இருப்பார் என்று நம்பினேன். ஊழியம் என்பது அந்த நம்பிக்கைதானே.

பெரியவர் காலமானதும் மகன் ஃபிரடி வந்தார். வெளிநாட்டில் ஹோட்டல் நிர்வாகம் படித்தவர். மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பேசுவார்.

"அங்கிள், எல்லா ரிசார்ட்லயும் இந்தப் பழசையெல்லாம் தூக்கிட்டாங்க. போன வாரம் ஒரு குட்டிப் பொண்ணு டி.வி.டி. பிளேயரைக் காட்டி, இது ரொட்டி சூடு பண்றதான்னு கேக்குது. அசிங்கமா இருக்கு. புது டி.வி. போட்டா அவங்கவங்க போன்ல பாக்குறதை அப்படியே அதுல பாத்துப்பாங்க."

"அப்போ காலை வார்த்தை?" என்றேன்.

"யாராவது பாக்குறாங்களா அங்கிள்?"

"பார்க்கிறார்கள்."

"சரி, செக் பண்ணிரலாம். டி.வி. கம்பெனிக்காரங்க ஒரு மாசம் ஒவ்வொரு டி.வி. பின்னாலயும் ஒரு சின்னப் பெட்டி வைப்பாங்க. எந்த ரூம்ல எதை எவ்ளோ நேரம் பாக்குறாங்கன்னு தெரிஞ்சிரும். உங்க சேனலை நாலு பேர் முழுசாப் பாத்தாக்கூடப் புது டி.வி.யிலயும் வெச்சிக்கலாம். இல்லேன்னா ஃப்ரீயா விடுங்க."

தகப்பன் முழங்காலிட்டு ஜெபித்த அறையில் மகன் இப்படிப் பேசினார். நான் சிரித்துக்கொண்டேன். பொறுமையைப் பற்றி அன்று காலையில்தான் பேசியிருந்தேன்.

பெட்டிகளைப் பொருத்த வந்தவன் இசக்கிபாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். மீசை நன்றாக முளைத்திருந்தாலும் எனக்குப் பையன்தான். போன் செய்கிற ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருந்தான், கான்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு இந்த வேலை. எங்கள் ஊரில்தான் அவன் ஊர்க்காரர்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தான். நான் அவனுக்கு நிறைய நன்மை செய்திருக்கிறேன், ஐயா. சாப்பாட்டில் பாதி கொடுத்திருக்கிறேன். மழைக்கு என் பழைய சட்டையைக் கொடுத்தேன். என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போவேன். சின்னச் சின்ன இரக்கங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று சேனலில் அடிக்கடி சொல்வேன். சொல்கிறபடி நடப்பவன் நான்.

முதல் வாரம் முடிந்ததும் ஃபிரடி தன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். புருவம் மேலே போயிருந்தது.

"பரவாயில்லையே அங்கிள். கிழக்கு பிளாக்ல ஃபேன்ஸ் இருக்காங்களே. தெனம் முழுசாப் பாக்குறாங்க."

கிழக்கு பிளாக் ஏரியைப் பார்த்த பகுதி. அங்கே தனியாக வருகிறவர்கள் தங்குவார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது. அந்த அறைகளின் கதவைப் போய்த் தட்டலாமா என்று நினைத்தேன். தட்டவில்லை. விதைத்தவன் மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது. அதற்குப் பதிலாக அவர்களுக்காகவே பேச ஆரம்பித்தேன். மனைவியைப் பிரிந்த ஒருவரை மனதில் வைத்து ஒரு நாள். ஒரு விதவையை மனதில் வைத்து ஒரு நாள். கேமராவைப் பார்த்து, "நீங்கள் தனியாக இல்லை" என்றேன். வீட்டில் அந்த அறைகளுக்காகப் பெயர் தெரியாமலே ஜெபித்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும்போது, கிழக்கு பிளாக்கில் ஆத்துமாக்கள் தொடப்படுவதைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாதக் கடைசியில் ஃபிரடி, "ஓகே அங்கிள், நீங்க ஜெயிச்சிட்டீங்க, உங்க சேனல் இருக்கும்" என்றார்.

மறுநாள் செல்வலட்சுமி என்னை வழிமறித்தாள். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண். வாய் அதிகம்.

"இன்னா பாஸ்டரே, நல்லாத்தான இருந்த? ஆளே இல்லாத ரூம்லல்லாம் போயி உன் சேனலப் போட்டு வுட்டுகினு கீற?"

"என்ன சொல்கிறாய்?"

"கெய்க்கு பிளாக்கு பூரா பெயிண்டு வேலைக்குன்னு ஒரு மாசமா காலி. நான் பெருக்கப் போனா நீ பேசிகினு கீற. கட்டிலுக்கு ஜெபமா, சொவுத்துக்கு ஜெபமா? நானும் தெனம் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி கை நோவுது."

பின்னால் இருந்த இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். பெயிண்ட் வேலை எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தேன். சொன்னேனே, மண்ணைக் கிளறக் கூடாது. ஃபிரடியோ போனில் வரும் எண்களைத் தவிர எதையும் பார்க்க மாட்டார், பெயிண்ட் வேலையெல்லாம் மேனேஜர் பாடு.

அடுத்த நாள் காலையில் என் பேச்சு ஓட ஆரம்பித்ததும் கிழக்கு பிளாக்குக்குப் போனேன். ஒரு கதவு திறந்திருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. ஈரப் பெயிண்ட் வாசனை. டி.வி.யில் நான் பேசிக்கொண்டிருந்தேன். அதன் முன்னால் இசக்கிபாண்டி, அறைச் சாவி ஒரு கையிலும் போன் இன்னொரு கையிலுமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி," என்றான். "மொத ரெண்டு நாளு பெட்டியில பாத்தேன். ஒருத்தரும் பாக்கல. சின்ன மொதலாளி சேனலை எடுத்துருவாருல்லா? நீங்க சங்கடப்படுவியள்னு நாந்தான் போட்டுவிட்டேன். ஒரு பட்டனை அமுக்குததுல எனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

"சேனல்தான் நிலைத்துவிட்டதே. இன்றைக்கு எதற்குப் போட்டாய்?"

"பழகிட்டு அண்ணாச்சி." அசட்டுத்தனமாகச் சிரித்தான். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எம்மேல சத்தியம்."

நான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். "நல்ல பிள்ளை" என்றேன்.

இரக்கம் என்பதற்கு ஒரு திசை உண்டு, ஐயா. உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது அது. என் சாப்பாட்டில் பாதியைத் தின்றவன், என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவன், தினமும் காலையில் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். நான் அதை வாங்கி, சபையில் காட்டிக் கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அவன் என்னைக் கேலி செய்திருந்தால் மன்னித்திருப்பேன். செல்வலட்சுமியை அன்றே மன்னித்துவிட்டேன். கேலி செய்கிறவர்களை மன்னிப்பது சுலபம், அவர்கள் நம்மைவிடக் கீழே நிற்கிறார்கள்.

ஃபிரடியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்தேன். சொன்னால் சேனல் போய்விடும். சேனல் போனால் நல்ல வார்த்தை போய்விடும். ஒருவனுடைய விளையாட்டுக்காக நல்ல வார்த்தை நிற்கலாமா? அந்தப் பொய் அவனுடையது. அது அவனோடு போவதுதான் நியாயம் என்று பட்டது.

புது டி.வி.க்கள் எல்லா அறைகளிலும் மாட்டப்பட்டன. காகிதம் மாதிரி மெல்லியவை. பழையவற்றைக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சுவரைப் பார்க்க அடுக்கிவைத்தார்கள். கடைசியாக மிச்சமிருந்தது மொட்டைமாடி. பழைய டிஷ், அதன் இரும்புக் கம்பம், கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் சிக்னலைக் கூட்டுகிற கருவி இருக்கும். அதற்குக் கரண்ட் கீழே என் அறையிலிருந்து போகும். முந்தின நாள் நல்ல மழை. மாடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பெட்டியைக் கழற்ற இசக்கிபாண்டி மேலே போனான். போகும்போது, "அந்தக் கம்பம் மழையில ஷாக் அடிக்கும்னு சொல்லியிருக்கியள்லா? பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். மெயினை அணைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து போன் செய்தான்.

"அண்ணாச்சி, மெயினை அமத்திட்டியளா?"

சுவிட்சு என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அமர்த்திவிட்டேன், தம்பி" என்றேன்.

"சரி அண்ணாச்சி."

அவ்வளவுதான். இன்னொரு தடவை கேட்கவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்க்கவும் இல்லை. ஃபிரடியாக இருந்தால் மூன்று தடவை கேட்டிருப்பார். செல்வலட்சுமியாக இருந்தால் இறங்கி வந்து பார்த்திருப்பாள். இவன் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டான்.

மேலே ஏதோ விழும் சத்தம் கேட்டது. நான் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். விளக்கு அணைந்தது. நான் சொன்ன வார்த்தை அப்போது உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். அவனைப் பார்த்ததும் என்னைத் தவிர எல்லோரும் கத்தினார்கள்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலுக்கு அவனுடைய அம்மா உலகம்மாள் வந்தார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு. நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "குடியுங்கள் அம்மா" என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, நீங்கதான அது? காலையில பேசுதவிய?"

எனக்குப் புரியவில்லை.

"தெனம் எம் புள்ள அனுப்புவான். டிவி முன்னால நின்னு போன்ல புடிச்சி அனுப்புவான். கேளும்மா, எங்க அண்ணாச்சி எம்புட்டு நல்லாப் பேசுதாருன்னு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது ஐயா. ஒங்க சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் அடுப்பையே பத்தவைப்பேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி யாருய்யா எனக்கு அனுப்புவா?" என்று அழுதார்.

ஆக, அந்த அறைகள் காலியாக இருக்கவில்லை. நான் சபையில் சொன்ன சாட்சி பொய்யில்லை. ஓர் ஆத்துமா இருந்தது. முழுதாகக் கேட்டது. அது அவன்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நானே பேசி அனுப்புகிறேன். புது டி.வி.யில் முதல் சேனல் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் யாராவது தேடிப் போனால்தான் வரும். யாரும் போவதில்லை. எனக்கு இப்போது அதில் வருத்தமும் இல்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணமும் அந்த அம்மாள்தான். மகனை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்ட் ஆள் உங்கள் ரிப்போர்ட்டை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். மெயினை அமர்த்தியாயிற்றா என்று கேட்காமலே இசக்கிபாண்டி கை வைத்தான், அவனுடைய கவனக்குறைவுதான் என்று. "எம் புள்ள கேக்காமத் தொட மாட்டானே" என்று என்னிடம் போனில் அழுதார். அவர் சொல்வது சரி. அவன் கேட்டான். தெளிவாகக் கேட்டான். மரியாதையாகக் கேட்டான். நான்தான் அமர்த்திவிட்டேன் என்று சொன்னேன், விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவன் தொடுவான் என்று தெரிந்தே சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அவன் கேட்டான் என்பதை மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லுங்கள். யாரிடம் கேட்டான் என்பது அவருக்கு வேண்டாம். தெரிந்தால் நான் பேசுவதைக் கேட்க மாட்டார். பிறகு அவருக்கு யார் இருக்கிறார்கள்?

என் போனை அந்த மேசையில் வைத்திருக்கிறீர்கள். பத்து நிமிடம் கொடுத்தால் போதும். விடிந்துவிட்டது, அவர் இன்னும் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார். இன்றைக்கு இரக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.