அடைக்காத துளை

பழைய ரேடியோவை எல்லாரும் முன்பக்கத்தில்தான் பார்க்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் பின்பலகையைக் கழற்றிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். பெட்டி ஒரு ரேடியோவுடையதாக இருக்கும். உள்ளே வால்வுகள் நிற்கும் இரும்புத் தட்டு, சேஸி என்போம், வேறொன்றிலிருந்து வந்திருக்கும். குமிழுக்கான துளையை அரம் போட்டு அகலப்படுத்தியிருப்பார்கள். அடிப்பலகையில் பழைய திருகுத் துளைகள் அனாதையாகக் கிடக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்லித்தான் முப்பது வருடமாகப் பெயர் எடுத்தேன்.

அந்தப் பெயரைத்தான் என் தங்கை கணவன், சேகரிப்பாளர் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் கெடுத்தான். அசல் என்று நான் எழுதிக் கொடுத்த பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினான்.

"மச்சான், மரத்தூள் வச்சு மூணு ஓட்டைய அடைச்சிருக்கானுங்க. கண்ணாடிய மாத்துங்க மச்சான், வயசாயிடுச்சுல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபப்படும் ஆள் நான் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்குப் பிறகு அவன் சாப்பிடும்போது தாடை அசைவதைக்கூட என்னால் சகிக்க முடியவில்லை. என் தங்கைக்கு அவன் பொருத்தமே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம். ரேடியோ ஓடும்போதே ஒரு கையால் சேஸியைப் பிடித்துக்கொண்டு மறுகை விரலால் துளைகளைத் தேடுவான். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரகத்தில் ஒன்றும் ஆகாது. இல்லாத ரகத்தில் வீட்டு மின்சாரம் நேராகச் சேஸிக்கே வந்துவிடும். அது அவனுக்கும் தெரியும். அதனால் எந்த ரகம் என்று பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படிப்பான்.

ஆகவே, டிரான்ஸ்ஃபார்மர் உண்டு என்று சீட்டு ஒட்டிய பெட்டியில், டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரகத்துச் சேஸியைப் பொருத்தினேன். செத்துப்போன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பார்வைக்கு உட்கார வைத்தேன். பெட்டியின் பழைய துளைகள் நான்கையும் அடைத்துச் சாயம் ஏற்றினேன். ஐந்து வாரம் பிடித்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. மரத்தில் மின்சாரம் ஓடாது; பட்டறையின் மர மேஜையை வெளியே போட்டுவிட்டு இரும்பு மேஜை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். தங்கை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அசல்தானான்னு பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை," என்று ரேடியோவை ஓடவிட்டேன்.

சீட்டைப் படித்தான். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முதலில் விரலை விட்டுத் தடவினான். "இருங்க மச்சான், இங்க ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே சேஸியைப் பிடித்தான்.

நான் அவசரப்படவில்லை. தங்கை ஓடிவந்து கத்திய பிறகுதான் மெயின் சுவிட்சை அணைத்தேன். தன்னைத் தொட அவள் என்னை விடவில்லை. போகப்போகப் புரிந்துகொள்வாள். அவளுக்காகத்தான் செய்தேன், பழிவாங்க அல்ல என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்தப் பெட்டியை ஐந்து நிமிடம் என்னிடம் கொடுங்கள். அவன் விரல் நின்ற இடத்தில் ஐந்தாவதாக ஒரு துளை இருக்கிறது. கோர்ட்டுக்கு அந்தச் சேகரிப்பாளர் கூட்டத்து ஆட்கள் எல்லாரும் வருவார்கள்; அதற்குள் அடைத்துவிடுகிறேன்.