கோதுமை எறங்க எறங்க

கிரேன் ஏணி செங்குத்து சார், கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு அப்பறமா திட்டுங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க. கப்பல்ல ரெண்டாவது ஆபீசர்தான நீங்க? காலைலேருந்து மேல்தட்டுல நின்னு கைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்களே, வணக்கம் சொல்றாரு போலன்னு நானும் ஆட்டுனேன்.

கிரேன் ஏன் நின்னுபோச்சுன்னுதான கேக்கறீங்க? காத்து சார். என்னது, கொடி அசையலையா? அது நனஞ்ச கொடி. சரி, காத்த விடுங்க. கடல்காக்கா. கோதுமையக் கண்டா வந்து மொச்சிடும். அதுல ஒண்ண கிரேனோட இரும்பு வாய் கவ்விடுச்சுன்னா பாவமில்லையா? நீங்க சிரிக்கவே மாட்டீங்களா சார்?

எனக்கு வேலை தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்தக் கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்துல யார வேணா கேளுங்க, கிரேன்காரன் சாண்டு அள்ளிப் போட்டா ஒரு கோதுமை மணிகூட கடல்ல விழாதும்பாங்க. டான்யூப் ஆத்துல வர்ற பார்ஜ், அந்தச் சரக்குப் படகுலேருந்து அள்ளி உங்க கப்பல் வயித்துல கொட்டறேன். அள்ள அள்ள உங்க கப்பல் அமுங்கும், பார்ஜ் எழும்பும். வம்பே அங்கதான்.

பார்ஜோட பின்பக்கம் பாத்திருப்பீங்களே. தக்காளித் தொட்டி, கோழிக்கூண்டு, கொடில துணி. அதுக்குப் பக்கத்துல சமையக்கட்டு ஜன்னல். வந்தப்ப அது நம்ம கிரேன் நிக்கற மிதவைக்கும் கீழ கெடந்துச்சு. சரக்கு கொறையக் கொறைய மேல வந்து, ஒரு நேரத்துல மிதவையோட கைப்பிடிக் கம்பிக்கு நேரா நிக்கும். அப்ப வேலைய நிறுத்திட்டு எறங்கிப் போனா, ஜன்னல் வழியா கிரேன்காரனுக்கு ஒரு கப் காப்பி தருவாங்க. பார்ஜ்காரங்க வழக்கம் அது. இன்னும் அள்ளுனா ஜன்னல் ஒசந்துடும், கை எட்டாது.

இந்த பார்ஜ் சம்ஃபிராவோடது. புருஷன் போனப்பறம் ஒரு கெழட்டு மெக்கானிக்க வெச்சுக்கிட்டு அவளே ஓட்டறா. வாய் ஜாஸ்தி. என் மீசையப் பாத்து, பாத்திரம் தேய்க்க வெச்சுக்கட்டுமான்னு கேட்டவ. போன லோடுக்குக் காப்பி வாங்கறப்போ நானும் துணிஞ்சு கேட்டுட்டேன், கூட ஒரு ஆளு வேண்டாமான்னு. அவ ஜன்னல் கட்டைய நிதானமாத் தொடச்சா. அடுத்த தடவை ஜன்னல் நேரா வர்றப்போ சொல்றேன்னா. வேண்டாம்னா எப்பவும்போல ஒரு கப் காப்பி. சரின்னா பிளம்ஸ் பழம் வெச்ச கொழுக்கட்டை, ரெண்டு தட்டுல.

இப்ப ஜன்னல் நேரா வந்திருக்கும். வந்திருக்கும்னா, நான் பாக்கல சார். பயமா இருக்கு. அதான் காத்து, காக்கான்னு சாக்கு சொல்லி உருட்டிக்கிட்டுக் கெடக்கேன்.

நீங்க கொஞ்சம் எந்திரிச்சு எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன். தெறந்திருக்கா? சரி. கட்ட மேல என்ன இருக்கு? ஆவி பறக்குதா? காப்பிலயும்தான் ஆவி பறக்கும், சரியாப் பாருங்க சார்.

ரெண்டு தட்டா? நெசமாவா?

அட, சிரிப்பு வருதே உங்களுக்கு. கொஞ்சம் வழி விடுங்க, கீழ போய் ஒரு கொழுக்கட்டை தின்னுட்டு ஓடியாந்துடறேன். இருட்டறதுக்குள்ள கடைசி கோதுமை மணி வரைக்கும் உங்க கப்பல்ல இருக்கும். அடுத்த பார்ஜுக்கு மட்டும் வேற கிரேன்காரனப் பாத்துக்கச் சொல்லுங்க. சம்ஃபிரா பார்ஜ் கெளம்பறப்போ நானும் அதுல ஏறணும்.