கிட்னிக்கு வெச்ச விருந்து

…அந்த ஆஸ்பத்திரி மெஷினத் தூக்கி ஆத்துல வீசணும்ங்கறேன்! சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கு, அதுக்கு வந்த திமிரப் பாரு. விரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், டிங்குனு ஒரு சத்தம். உடனே நம்பர். "கிட்னி நம்பர் ஏறியிருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க." அது வர்றதுக்கு முன்னாடி நமக்குக் கிட்னின்னு ஒண்ணு இருக்கற ஞாபகமாவது இருந்துச்சா? என்ன தம்பி, நான் சொல்றது சரிதானே?

சரி, நீ பாட்டுக்குக் கடலைய உரி. அண்ணி இந்த வெயில்ல மூணு மேடு ஏறி இறங்கி வந்திருக்கா, நிமிந்து பாத்துடாதே. பட்சிராய்னு பேரு வெச்சாங்க உனக்கு. ஒத்தாசை பண்ணுன்னு அர்த்தம். ஒரு ஸ்டூல் எடுத்துப் போட ஒத்தாசை இல்ல! இரு, நானே போட்டுக்கறேன். ஐயய்யோ… இது என்ன ஸ்டூலா ஊஞ்சலா? உன் பொண்டாட்டி எனேசி இதுலதான் உக்காந்து சட்ஸாக் களி கிண்டறாளா? பாவம் அவ!

உங்க நாய் வேற. என்னப் பாத்துக் குரைக்குது! இந்தக் குடும்பத்துக்கு நான் மருமகளா வந்து முப்பது வருஷம் ஆச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது. உங்க அண்ணன் உயிரோட இருந்தா… சரி விடு. அவர் காலத்துல இந்த மாத்திரை இல்ல. அவ்ளோதான்.

எதுக்கு வந்தேன்? ஆங்… குழு. நாம எதுக்குக் குழு கட்டினோம்? நீயே சொல்லு. சரி, நானே சொல்றேன். ஆறு பேருக்கும் ஒரே எச்.ஐ.வி., ஒரே மாத்திரை. ஆறு பேரும் மாசாமாசம் இருபது கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்கு நடந்தா சோளத்த யாரு பாக்கறது? குரங்கா பாக்கும்? அதனால மாசம் ஒருத்தர் போறது, ஆறு டப்பாவையும் வாங்கிட்டு வர்றது. போனவங்களுக்கு அன்னிக்கே எடை, ரத்தம் எல்லாம் பாத்துடுவாங்க. யாரு யோசனை? என் யோசனை! போறவங்களுக்கு முந்தின சாயங்காலம் ஆட்டுக்கறி விருந்து வெக்கிறது யாரு யோசனை? அதுவும் என் யோசனைதான்! இருபது கிலோமீட்டர் நடக்கறவங்கள வெறும் வயத்தோடவா அனுப்பறது? நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?

அந்தக் கறியப் பத்தி நீயே சொல்லு. வாயத் திறக்க வேணாம், தலைய ஆட்டு போதும். மூணு மணி நேரம் கொதிச்சு எலும்புச் சத்தெல்லாம் குழம்புல இறங்கியிருக்கும்ல? நீ ரெண்டு தட்டு தின்னே. அப்புறம் சட்டிய வழிச்சே. மிச்சத்த டப்பால கட்டிக் கொடுத்தேன், அதையும் காலைல ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து தின்னேன்னு நீயே சொன்னே. நல்லாத் தின்னட்டும்னுதான் போட்டேன். என் தப்பு… இரு, இரு, அந்தப் பேச்சுக்கு இப்பப் போக வேணாம்.

முதல்ல எனக்குத்தானே நம்பர் ஏறுச்சு, போன மாசம்? ரெண்டு வாரத்துல திரும்பி வாங்கன்னு ஆஸ்பத்திரி சிஸ்டர் ரம்பிசாய் படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. நான் போனேனா? போகல. பயம்! இந்த மாய் ஃபரிசாய்க்குப் பயமான்னு கேக்காதே, பயம்தான். போகாம என்ன பண்ணேன்? போர்பம்புக்கிட்ட நின்னு பேசினேன். சர்ச்சுல பேசினேன். கழுதை வண்டில லிஃப்ட் குடுத்தவன்கிட்டகூடப் பேசினேன். "இந்த மாத்திரை கிட்னியத் திங்குது, எல்லாரும் உஷாரா இருங்க"ன்னு. நல்லாத்தான் பேசினேன்! ஆளுங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க.

அப்புறம் உன் முறை. உனக்கும் டிங்கு. வந்தே, டப்பாவ அலமாரி மேல வெச்சே, கதவச் சாத்தினே. ஒம்போது நாளாச்சு, ஒரு மாத்திரை போடல. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? அட, நிமிந்துட்டியே! எனேசி முந்தாநாள் என் வாசல்ல வந்து அழுதா. சத்தம் போட்டுகூட அழல. தலைத்துணிய வாயில வெச்சுக்கிட்டு அழுதா. "அக்கா, நீங்க சொன்னா கேப்பாரு, நீங்க சொல்லித்தான் நிறுத்தினாரு"ன்னா.

அதான் நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன் தம்பி. தனியாவே நடந்தேன். விருந்து கிடையாது, யாருக்கு மனசிருக்கு? கடலை போட்ட கஞ்சி ஒரு கிண்ணம், அவ்ளோதான். சிஸ்டர் குத்திச்சு. டிங்கு. நம்பர் இறங்கியிருக்கு! நல்ல நம்பர்! "மாய் ஃபரிசாய், போன தடவ வரும்போது என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். பெருமையா வேற சொன்னேன்! எத்தன மணி நேரம் கொதிக்கணும், வெங்காயம் எப்பப் போடணும்னு எல்லாம் சொன்னேன். அந்தப் பொண்ணு மேஜையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது பாரு… பக்கத்து ரூம்லேர்ந்து கம்பவுண்டர் ஓடி வந்துட்டான்.

வேற ஒண்ணுமில்லையாம். கறி அவ்ளோ நேரம் கொதிச்சா, அதுல இருக்கற ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்துடுமாம். மெஷின் அதப் பாத்துட்டுக் கிட்னி களைச்சுப் போச்சுன்னு நினைச்சுக்குமாம். சில பேருக்கு இந்த மாத்திரை நிஜமாவே கிட்னியத் தொல்லை பண்ணுமாம், அதுக்குத்தான் பாக்கறாங்களாம். அப்படி இருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்களாம். "ஆனா நிறுத்தக் கூடாது, நிறுத்தினா அந்தக் கிருமி முழிச்சுக்கும்"னு அடிச்சுச் சொல்லிச்சு. உனக்கும் இதே கதைதான்னு சத்தியம் பண்ண முடியாதாம். நாளைக்கு நீயே வரணும், இன்னிலேர்ந்து கறி தொடக்கூடாது. மாத்திரை மட்டும் இன்னிக்கே, இப்பவே போடணும்.

என்ன பாக்கறே? திட்டணும்னா திட்டு. கறி ஆக்கினது நான். ஊரெல்லாம் பயமுறுத்தினது நான். இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன், சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது… நான் ஒரு நாள்கூட நிறுத்தல தம்பி. ஒரே ஒரு நாள்கூட இல்ல. போர்பம்புல நின்னு அந்த மாத்திரையத் திட்டிட்டு, வீட்டுக்கு வந்து நேரம் தவறாம முழுங்கினேன். நீ என் வாயக் கேட்டே. என் கையப் பாத்திருக்கணும்.

டேய்… எங்க எந்திரிச்சுப் போறே? பட்சிராய்! பாதியில எழுந்து உள்ள போனா என்ன அர்த்தம்? போ, போ. கோபம் வரத்தான் செய்யும். நானா இருந்தா இந்த ஸ்டூலத் தூக்கி அடிச்சிருப்பேன். நான் போக மாட்டேன், தெரிஞ்சுக்கோ! பொழுது சாயற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன். உன் கடலைய நானே உரிக்கறேன்… ச்சே, பாதி பூச்சி.

ம்? என்னது கையில? டப்பாவா? தண்ணியும் எடுத்துட்டு வந்துட்டியா?

…போடு. என் கண்ணு முன்னாடி போடு. மெதுவா. ம்… போச்சா? வாயத் திற, நாக்கத் தூக்கு. சின்னப் பிள்ளையான்னு கேக்காதே, எனக்கு நம்பிக்கை வரணும்ல. ம், போச்சு. இன்னொரு வாய் தண்ணி குடி.

என்ன, தோள் குலுங்குது? அழறியா? …அட, சிரிக்கறான்! என்னப் பாத்தா சிரிக்கறே? நம்ம குழுவுல இன்னும் நாலு வீடு இருக்கு எனக்கு, நாலு வீட்லயும் இதே மாதிரி என் மானத்த நானே வாங்கிக்கணும், உனக்குச் சிரிப்பா இருக்கு! சிரி, சிரி. சத்தமா சிரி தம்பி. எனேசி சோளக்காட்டுல இருக்கா. அவ காதுல விழட்டும்.