மானாம்பதி வராத ஜிபிஎஸ்

உத்திரமேரூரில் ஒரு பைக் சாமான் கடை. ஹெல்மெட் கண்ணாடி மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்றவர் கடைக்கார பாயிடம் கேட்டார்:

"பைக்ல மாட்ற ஜிபிஎஸ்ல மானாம்பதி வராதது எது பாய்?"

"காஞ்சிபுரத்துக்கு அந்த வழிதான நீ டெய்லி போவ?"

"என் மாமனார் வூடு ரோட்டு மேலயே கீது. நிக்காம போனா மரியாத இல்லன்றாரு. நின்னா இலை போட்டுர்றாரு. டெய்லி வேலைக்கு லேட்டு, ஒரே பேஜார்."

"டோல்கேட் வேணாம்னா பட்டன் கீது. மாமனார் வேணாம்னா பட்டன் இல்லயே நைனா."

பாய் கடையிலிருந்த இரண்டு ஜிபிஎஸ்ஸை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பெரியதில் ரூட்டை விரலால் இழுத்துத் திருமுக்கூடல் பக்கம் திருப்ப முடிந்தது.

"சுத்துதான். ஆனா மானாம்பதி வராது."

"இதையே மாட்டு பாய்!"

மாட்டி முடிப்பதற்குள் அவர் மனைவிக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"இனிமே திருமுக்கூடல் வழியாதான் போவேன்."

"நல்லதா போச்சுங்க! எங்க சித்தப்பா வூடு அங்கதான கீது? மீன் கொயம்பு வைக்கச் சொல்றேன். சாப்டாம போனா கோச்சிப்பாரு."

போனை வைத்தவர் மறுபடி பாய் பக்கம் திரும்பினார்.

"பாய், ரெண்டு ஊரும் வராம ஆத்துக்குள்ள எறங்கிப் போற ரூட்டு இதுல கீதா?"